கணக்கேடும் மருந்தும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் இடையே களம்பூர் என்னும் பேரூர் உள்ளது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. ஊர் களம்பூராயினும் நிலையத்தின் பெயர்ப்பலகை ‘ஆரணி ரோடு’ என்றே கூறும். புதிதாக வருவோர் சற்றுத் திகைப்பர். நெல் அரைக்கும் ஆலைகளும் பட்டு நெய்யும் தறிகளும் இவ்வூர்ப் பகுதியின் வாழ்வுக்கு இரு கண்கள். களம்பூர் அரிசியைத் தொலைவிலுள்ள நகரத்து வணிகரும் அறிவர். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளுள் பல, ஆரணியைச் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், வீட்டுத் தறிகளில் நெய்யப்பட்டனவே ஆகும்.

பட்டு விலைமிக்க பொருள். ஆதலின், அத்தொழிலில் எடையும் எழுத்தும் பிரிக்க முடியாதவை. நெசவாளர் தம் கைக்கு வரும் பட்டினை நிறுத்தே பெறுவர். சரிகையையும் நிறுத்தே பெறுவர். பாவுக்கு இத்தனை கிராம், ஊடைக்கு இத்தனை கிராம் என்று கணக்கேட்டில் எழுதப்படும். நெய்த சேலையை ஒப்படைக்கும்போது அதுவும் தராசில் ஏறும். கூலியும் முன்பணமும் அக்கணக்கேட்டிலேயே பதியும். கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவராயினும், தனி வணிகருக்கு நெய்பவராயினும், தம் கணக்கைத் தாமே பார்த்தறியும் உரிமையை எந்த நெசவாளரும் எளிதில் விட்டுக்கொடார்.

இத்தகைய நெசவாளர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்துவோம். அவருக்கு அகவை 55. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, இளமை முதல் நெய்து வருபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளன என்று மருத்துவர் கண்டறிந்தார். நாள்தோறும் உட்கொள்ள மாத்திரைகள் கொடுத்தார். இரண்டு திங்கள் தவறாமல் உட்கொண்டார் நெசவாளர். உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் உடம்புக்கு மருந்து எதற்கு என்று எண்ணினார். மேலும், தறியில் அமர்ந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. மாத்திரை தீர்ந்தது, மீண்டும் வாங்கச் செல்லவில்லை. பரிசோதனை முடிவு எழுதிய சீட்டு சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பின்னே சிலகாலம் இருந்தது. ஆண்டு முடிந்து நாட்காட்டி மாறியபோது அதுவும் போயிற்று.

இவரிடம் சென்ற ஆண்டு ஆவணியில் பெற்ற பட்டின் எடை யாது என்று வினவினால், உறக்கத்திலும் பிழையின்றிக் கூறுவார். தம் குருதியில் சர்க்கரை எவ்வளவு என்று வினவினால், “போன தடவை கொஞ்சம் அதிகம் என்றார்கள்” என்பார். கணக்கில் வல்லவரான அவர் தம் உடம்பின் கணக்கை மட்டும் அறியாதது ஏன்? அக்கணக்கு அவர் கையில் இல்லை. மருத்துவமனையின் பேரேட்டில் இருந்தது.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஓசையின்றி வளரும் நோய்கள். பல்வலி வந்தவன் மருத்துவரைத் தேடி ஓடுகின்றான். வலியே அவனை ஓட்டிச் செல்கின்றது. இந்நோய்களுக்கோ நெடுங்காலம் வலி என்பதே இல்லை. நீரிழிவு, கண்ணின் உட்புறத் திரையில் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். தொடக்கத்தில் பார்வை குன்றாது. குன்றத் தொடங்கும்போதோ கேடு பெரிதும் நிகழ்ந்திருக்கும். மயிரினும் மெல்லிய இழை அறுந்தால், அதனை ஆயிரக்கணக்கான இழைகளினிடையே கண்டெடுத்து இணைக்கும் தொழில் நெசவு. அத்தொழிலாளிக்குக் கண் போயின், தறியும் போயிற்று. கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தோ வெடிக்கச் செய்தோ பக்கவாதத்தை விளைவிக்கக் கூடும். நாடாவை ஓட்டும் கை, ஒரே நாளில் அசைவற்றுப் போகும்.

கண்ணுக்கும் தெரியாமல், வலியாலும் தெரியாமல் வளரும் நோயை மனிதன் அறிவதற்கு உள்ள வழி எண் ஒன்றே. அவ்வெண்ணை நோயுற்றவன் காணாவிடின், அவனைப் பொறுத்தவரை நோயே இல்லை. இல்லாத நோய்க்கு யார் மருந்து உண்பார்?

இது களம்பூருக்கு மட்டும் உரிய குறையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, செல்வமும் கல்வியும் மிக்க நாடுகளிலேயே நெடுநாள் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் மருந்தை உரியவாறு உட்கொள்கின்றனர் என்று கூறிற்று. வறிய நாடுகளில் நிலை இதனினும் தாழ்ந்தது என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. ஆய்வுக்கூடங்களில் அரிதின் முயன்று கண்ட மருந்துகளில் ஒரு பெரும்பகுதி, விழுங்கப்படாமலே பயனிழந்து போகின்றது என்பது இதன் பொருள்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகியோரும் ஆகியதும் சேர்ந்ததே மருத்துவம். அவற்றுள் நோயாளியையே முதலில் வைத்தார் என்பது கருதத்தக்கது. நான்காம் உறுப்பையும் மறவாமல் சேர்த்தார் என்பது அதனினும் கருதத்தக்கது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு, சென்னை மாநகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் வரலாற்றை நோக்குவோம். கணினி என்பதைக் காணாத காலத்தில் நிகழ்ந்ததேனும், இன்றைய வினாவுக்கு அதனினும் நல்ல தொடக்கம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசநோய் நம் நாட்டில் பெருங்கொள்ளை கொண்டது. எலும்புருக்கி நோய் என்று மக்கள் அதனை அஞ்சினர். அந்நோயுற்றவரைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் பல திங்கள் படுக்க வைத்து, நல்லுணவும் நற்காற்றும் ஓய்வும் தருவதே சிறந்த வழி என்று உலகம் நம்பியிருந்தது. நோயாளரோ பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். இச்சிக்கலை ஆராய 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அன்றைய சென்னை அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து அதனை நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் தொடக்கத்தில் அதன் பணிக்குத் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குவது அந்நிலையமே.

அங்கே 193 நோயாளரைத் தேர்ந்து, இன்னார் இன்ன பிரிவு என்பதைக் குலுக்கல் முறையை ஒத்த வகையில் முடிவு செய்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மற்றொரு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் ஏழையர், நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்தோர், போதிய உணவில்லாதோர், பலர் உழைத்தே தீர வேண்டியோர். சானடோரியத்தில் இருந்தோர்க்கோ உணவும் ஓய்வும் செவிலியர் துணையும் குறைவின்றிக் கிடைத்தன. ஆண்டின் முடிவில் என்ன கண்டனர்? சானடோரியத்தில் 100-க்கு 92 பேரிடம் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 100-க்கு 86 பேரிடம் அடங்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை. வீட்டிலிருந்து மருந்துண்டவரால் உடன் வாழ்ந்தோர்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று. சென்னையின் எளிய மக்கள் உலகுக்கு அளித்த கொடை இது என்றால் மிகையாகாது. பாடநூல்களில் இது இடம்பெறுவது அரிதாயிருப்பது வருந்தத்தக்கது.

இவ்வெற்றியின் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. வீட்டிலுள்ளவன் மருந்தை உண்மையாகவே உண்கின்றானா என்பதை அறிவது எங்ஙனம்? ‘உண்டேன்’ என்று அவன் கூறுவதை மட்டும் அந்நிலையத்தார் நம்பவில்லை. பணியாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று, எஞ்சியுள்ள மருந்தை எண்ணிப் பார்த்தனர். சிறுநீரைப் பெற்று, அதில் மருந்தின் தடம் உண்டா என்று சோதித்தனர். உண்ணத் தவறியவரைக் கடிந்து ஒதுக்காமல், காரணம் கேட்டனர், வீட்டாரோடு பேசினர். ‘தாமே மருந்து உட்கொள்வோர்’ பற்றிய சிக்கலை ஃபாக்ஸ் 1958-இலேயே தனிக் கட்டுரையாக எழுதினார். நோயாளர் மருந்தை நிறுத்துவதற்கு ஒரு பெருங்காரணம், இருமலும் காய்ச்சலும் சில வாரங்களில் நின்று உடம்பு தேறிவிடுவதே ஆகும். களம்பூர் நெசவாளர் மாத்திரையை நிறுத்திய காரணமும் அதுவே அன்றோ?

சென்னை நிலையத்தின் கணக்கு மிகச் சிறந்த கணக்கு. ஆயினும் அது நிலையத்தாரின் கணக்கு. நோயாளியைப் பற்றி எழுதப்பட்டது; நோயாளிக்காக எழுதப்பட்டது; நோயாளி படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. அக்காலத்தில் உலகெங்கும் அதுவே வழக்கம். மருத்துவக் குறிப்பேட்டை நோயாளி எட்டிப் பார்ப்பதும் பிழையெனக் கருதப்பட்டது.

அவ்வேட்டினை நோயாளிக்குத் திறந்து வைத்த கருவியே ‘நோயாளர் இணையவாயில்’ ஆகும். மருத்துவமனையின் கணினியில் பதிந்துள்ள தம் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல், அடுத்து வரவேண்டிய நாள், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை நோயாளி தம் கைப்பேசியிலோ கணினியிலோ கடவுச்சொல்லிட்டுத் திறந்து காணலாம். சிலவற்றில், தீர்ந்துபோன மருந்தை மீண்டும் தருமாறு அதன் வழியே கேட்கலாம். மருத்துவருக்கு ஐயத்தை எழுதி விடையும் பெறலாம்.

ஈண்டு நெசவாளர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றைக் கூறாமல் விடுதல் முறையன்று. பட்டுத்தறியின் மேலே ஜக்கார்டு என்னும் பொறி அமைந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும். துளை உள்ள இடத்துக்கு ஓர் இழை உயரும். இல்லாத இடத்துக்கு உயராது. அன்னமும் மயிலும் சேலையில் எழும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு, 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பொறி இது. துளையிட்ட அட்டையில் செய்தியைப் பதிக்கலாம் என்னும் இக்கருத்தை ஒத்த முறையைக் கொண்டே 1890-இல் அமெரிக்க நாட்டு மக்கள்தொகைக் கணக்கைப் பொறியால் எண்ணினர். பின்னாளில் கணினிகளும் நெடுங்காலம் துளை அட்டைகளையே உண்டு வாழ்ந்தன. ஆகவே, கணினி தமக்கு அயலானது என்று களம்பூர் நெசவாளர் கூச வேண்டுவதில்லை. அதன் மூதாதையை அவர் தம் தலைக்கு மேலேயே கட்டி வைத்துள்ளார்.

ஏட்டைத் திறந்து வைத்ததால் விளைந்தது யாது? இதனை ஆராய, அமெரிக்க நாட்டில் பாஸ்டன் நகரிலும், பென்சில்வேனியாவின் ஊர்ப்புறங்களிலும், சியாட்டில் நகரிலும் 2010-ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கிற்று. மருத்துவர் 105 பேர், தாம் எழுதும் குறிப்புகளை நோயாளர் படிக்க இசைந்தனர். 13,000-க்கு மேற்பட்ட நோயாளர்க்கு அவை திறந்து வைக்கப்பட்டன; அவருள் பெரும்பாலோர் அவற்றைத் திறந்து படித்தனர். மருத்துவர் சிலர் தொடக்கத்தில் அஞ்சினர்: நோயாளர் கலங்குவர், வினாக்களால் தம் நேரத்தை விழுங்குவர் என்பது அவர்தம் அச்சம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவ்வச்சம் பெரும்பாலும் பொய்த்தது. குறிப்பைப் படித்துக் குழம்பினோம் அல்லது வருந்தினோம் என்றோர் 100-க்கு 8 பேருக்கு மேல் எங்கும் இல்லை. மருந்துண்பவருள் 100-க்கு 60 முதல் 78 பேர் வரை, இப்போது மருந்தை முன்னினும் ஒழுங்காக உண்கின்றோம் என்றனர். முயற்சி முடிந்தபின்னும் ஏட்டை மூடுவதற்கு மருத்துவர் எவரும் முன்வரவில்லை. 2012-இல் இம்முடிவுகள் வெளியாயின. 2021-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில், குறிப்புகளை நோயாளர்க்குத் தடையின்றிக் காட்டுதல் சட்டமாகவே ஆயிற்று.

கேட்க இனிய செய்தி. ஆயினும், சென்னை நிலையத்தின் வரலாற்றைப் படித்தவர் இங்கே ஒரு வினா எழுப்புவர். ‘ஒழுங்காக உண்கின்றோம்’ என்றவர் நோயாளர்தாமே. அதைச் சோதித்தவர் யார்? 1956-இல் நம் சென்னைப் பணியாளர் ஒப்புக்கொள்ளாத சான்றினை இங்கே நாம் முழுச் சான்றாக ஒப்புக்கொள்ளல் ஆகாது. இதனினும் உறுதியான சான்று கலிபோர்னியாவிலிருந்து கிடைத்தது. நீரிழிவு நோயாளர் பலரின் மருந்துக்கடைக் கணக்கை ஆராய்ந்து, தீர்ந்த மருந்தை இணையவாயில் வழியே கேட்டுப் பெறும் பழக்கத்தை மேற்கொண்டவர், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை முன்னினும் இடையறாது வாங்கினர் என்று 2014-இல் வெளியிட்டனர். நற்பயன்தான், ஆனால், பெரும்பயன் என்று சொல்வதற்கில்லை. வாங்கியதெல்லாம் விழுங்கியதாகுமா என்னும் வினாவும் எஞ்சியே நிற்கின்றது.

கடல் கடந்த செய்தி போதும். நம் நாட்டில், அதுவும் களம்பூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் நிகழ்ந்ததைக் காண்போம். காசநோய் மாத்திரை அட்டைகளுக்கு ஓர் உறை அமைத்தனர். மாத்திரையை அழுத்தி எடுத்தால், உறையின் உட்புறத்தே மறைந்திருந்த தொலைபேசி எண் ஒன்று வெளிப்படும். அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி ஓர் அழைப்பு விடுத்தால், இன்னார் இன்று மருந்துண்டார் என்று கணினியில் பதிவாகும். அழைப்பு வாராதவர் யார் என்பதை நலப்பணியாளர் தம் திரையில் கண்டு, அவரைத் தேடிச் செல்லலாம். ‘99 டாட்ஸ்’ என்பது இம்முறையின் பெயர். எழுதப் படிக்க அறியாதவரும், விலை குறைந்த சிறு கைப்பேசியே உடையவரும் பயன்படுத்தலாம் என்பதே இதன் நோக்கம். அமைத்தவரின் கூர்மதி பாராட்டத்தக்கது.

இக்கணக்கு எவ்வளவு மெய்யானது என்று ஆராய்ந்தவர் யார் எனின், பழைய சென்னை நிலையத்தின் வழிவந்த அறிஞரே ஆவர். சென்னை, வேலூர், மும்பை ஆகிய நகரங்களில், ஏறத்தாழ 600 நோயாளரின் இல்லங்களுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, சிறுநீரில் மருந்தின் தடத்தைச் சோதித்தனர். பாட்டனார் காலத்துச் சோதனையைப் பேரரும் மறக்கவில்லை! 2020-இல் வெளியான அம்முடிவு எளியதன்று. மருந்தை உண்மையாக உண்டோர் பலர் அழைப்பு விடுக்காதிருந்தனர். கணினி அவர்களைத் தவறியவர் என்று காட்டிற்று. உண்ணாதோர் சிலரின் கணக்கிலோ உண்டதாகவே குறிப்பு இருந்தது. கைப்பேசி வீட்டில் பிறரிடம் இருந்தது, அலைவரிசை கிட்டவில்லை, நாள்தோறும் அழைத்துச் சலிப்புற்றனர், நோயைப் பிறர் அறிவரோ என்று நாணினர். காரணங்கள் பல; அவற்றுள் எதுவும் குற்றமன்று. கணக்கேடு மெலிதாயினும் நூலாயினும் கணினியாயினும், மனிதர் வாழும் வாழ்வு அதனுள் முழுதும் அடங்குவதில்லை.

இனி, களம்பூர் நெசவாளர் வீட்டுக்கே திரும்புவோம். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவரும் 14 இலக்க எண் ஒன்றைப் பெற்று, தம் மருத்துவக் குறிப்புகளை அதனோடு இணைத்து, வேண்டும்போது காணலாம். மருத்துவர்க்கு இசைவு தந்து காட்டலாம். நெசவாளர் அவ்வெண்ணைப் பெற்றுவிட்டார் என்றே கொள்வோம். பயன் உண்டாகுமா?

வீட்டில் கைப்பேசி உண்டு. ஆனால், அது வேலைக்குச் செல்லும் மகனிடம் இருக்கும். பரிசோதனை முடிவு திரையில் வரும்; ஆனால், ஆங்கிலத்தில், குறுக்கெழுத்துகளில் வரும். தமிழ்நாட்டு நெசவாளருக்கு அவர் குருதியின் செய்தியைத் தமிழில் கூறாத வாயில், திறந்திருந்தும் அடைத்த கதவே. சிவப்பு நிறத்தில் ஓர் எண் மின்னும். அஃது அஞ்சத்தக்கதா, பொறுக்கத்தக்கதா என்று சொல்வார் அருகில் இரார். இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்கு மணம் பேசும் வீட்டில், தந்தையின் நோய் ஊரறிய வேண்டுமென்று யாரும் விரும்புவதில்லை. பலர் கைமாறும் கைப்பேசியில் நோயாளியின் மறைபொருள் காக்கப்படுதல் அரிது. கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கைப்பேசியின் உறையிலேயே செருகி வைக்கும் வழக்கத்தை எந்தப் பொறிஞர் தடுக்க இயலும்?

இக்குறைகளுக்கு விடை, இணையவாயிலை இகழ்ந்து ஒதுக்குவதன்று. வள்ளுவர் வைத்த நான்காம் உறுப்பை அதனோடு சேர்ப்பதே ஆகும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோரின் இல்லத்துக்கே பெண் தன்னார்வலர் சென்று, அளவு பார்த்து, மாத்திரை கொடுக்கின்றனர். தறியை விட்டெழாமலே நெசவாளர் தம் மருந்தைப் பெறலாம். ஒரு நாள் கூலி தப்பிற்று. கொண்டுவருபவர் அண்டைத் தெருவினர்; ஆதலின், ‘அண்ணா, போன மாதத்து மாத்திரை மீந்திருக்கிறதே, ஏன்?’ என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. திரை இவ்வாறு கேளாது. கேட்டாலும், அதற்கு விடைசொல்ல வேண்டும் என்னும் கூச்சம் யாருக்கும் தோன்றாது.

அவ்வாறாயின், ஏட்டைப் பார்ப்பதால் நெசவாளர்க்குப் பயனே இல்லையா எனின், உண்டு. அதனை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு விளக்கலாம். பலர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக இனிப்பையும் சோற்றையும் குறைப்பர். அன்றைய சர்க்கரை அளவு தாழ்ந்து காட்டும். மருத்துவரை மகிழ்வித்துவிட்டதாக எண்ணித் திரும்புவர். ஆனால், குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளில் சர்க்கரை ஒட்டிக்கொள்கின்றது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. ஆகவே, சர்க்கரை ஒட்டிய ஈமோகுளோபின் எவ்வளவு என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று திங்களின் சராசரி நிலை வெளிப்பட்டுவிடும். இரண்டு நாள் பட்டினி அதனை ஏமாற்றாது. இவ்வெண்ணைத் தனியே ஒருமுறை காண்பதால் பெரும்பயன் இல்லை. தையில் இவ்வளவு, சித்திரையில் இவ்வளவு, ஆடியில் இவ்வளவு என்று வரிசையாகக் காணும்போதே அது பேசத் தொடங்கும். மருந்தை விட்ட காலத்தில் ஏறியதும், மீண்டும் தொடங்கிய காலத்தில் இறங்கியதும் கண்முன் நிற்கும். கூலிக் கணக்கை வரிசையாகப் படித்துப் பழகிய நெசவாளருக்கு இதனைப் பயிற்றுவிக்க வேறு ஆசிரியர் வேண்டா. எவருடைய அறிவுரையும் இல்லாமலே, தம் மாத்திரையால் தமக்கு நேர்ந்த நன்மையை அவர் தாமே கண்டுகொள்வார். நாட்காட்டியின் பின்னே செருகிய சீட்டினால் இயலாதது இது. வாயிலின் உண்மையான ஆற்றல் இங்கேதான் உள்ளது.

அவ்வரிசையைப் படித்துக் காட்டுவோர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது பள்ளியில் பயிலும் பிள்ளையாகவே இருக்கும். ஆங்கில எழுத்தும் அறிவாள், கைப்பேசியும் அறிவாள், தந்தையின் மனமும் அறிவாள். மாலையில் பள்ளி விட்டு வந்ததும், அண்ணனிடமிருந்து கைப்பேசியை வாங்கி, 14 இலக்க எண்ணையிட்டு வாயிலைத் திறக்கின்றாள். “அப்பா, ஆடி மாதத்தைவிட இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று இதில் இருக்கிறது” என்கின்றாள். தந்தை நாடாவை நிறுத்துகின்றார். எந்த நாள் என்று கேட்கின்றார். பிறகு, தறியின் ஓரத்தில் செருகியுள்ள கணக்கேட்டை எடுத்து அவளிடம் நீட்டுகின்றார். பட்டும் சரிகையும் கூலியும் எழுதிய பக்கங்களைத் தள்ளி, கடைசிப் பக்கத்தில் மூன்று மாதத்து எண்களையும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாளையும் அவள் எழுதி வைக்கின்றாள்.